திடீர் வயிற்றுப்போக்கு: நோய்தரும் குடல் பாக்டீரியா எத்தனை பேரிடம் கிடைக்கிறது, எண் ஏன் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது?

பதிவு 1 | தேடும்மாணவி

வணக்கம். நுண்ணுயிரியல் முதுகலை இறுதியாண்டு ஆய்வேட்டுக்காக, திடீர் வயிற்றுப்போக்குடன் ஒரு மருத்துவமனைக்கு வந்தவர்களின் மலமாதிரிகளைக் கல்ச்சர் செய்து, அதாவது அகர் என்ற சத்துக் கூழ் உள்ள தட்டில் கிருமிகளை வளர்த்துப் பார்த்து, முடித்திருக்கிறேன். ஒரே நாளில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை இளகியோ நீராகவோ மலம் கழிந்து, நோய் தொடங்கி 14 நாட்கள் ஆகாதவர்கள் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையையே பின்பற்றினேன். சால்மோனெல்லா, ஷிகெல்லா, விப்ரியோ காலரே ஆகிய மூன்றைத் தேடினோம். ஆய்வேடு இன்னும் ஏற்கப்படாததால் சரியான எண்ணை இங்கே சொல்ல இயலாது. நூற்றுக்குப் பத்துக்கும் கீழே என்று மட்டும் சொல்கிறேன்.

வழிகாட்டி பார்த்தவுடன், இவ்வளவு குறைவாக வராது, எங்கோ கோட்டை விட்டிருக்கிறீர்கள் என்றார். முந்தைய கட்டுரைகளைப் புரட்டினால் சிலவற்றில் என்னுடையதைவிடக் குறைவு. வேறு சிலவற்றில் பாதி மாதிரிகளுக்கு மேல் ஏதோ ஒரு பாக்டீரியா கிடைத்திருக்கிறது. நோய் ஒன்றுதானே, எண் மட்டும் ஏன் இப்படி ஏறி இறங்குகிறது? நான் உண்மையிலேயே தவறவிட்டேனா, அல்லது என் எண் சரிதானா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

பதிவு 2 | தட்டுவாசகர்

இருபது ஆண்டுகளுக்கு மேலாக மல கல்ச்சர் பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். கிடைத்ததைப் பற்றிக் கவலைப்படும் முன், நீங்கள் தேடாதவற்றின் பட்டியலை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அது கிடைத்தவற்றின் பட்டியலைவிட நீளமாக இருக்கும்.

முதலில் கேம்பைலோபேக்டர். சாதாரண இன்குபேட்டரில் வழக்கமான தட்டுகளை வைத்தால் அது வளரவே வளராது. அதற்கு ஆக்சிஜன் சுமார் 5 சதவீதமாகக் குறைக்கப்பட்ட ஜாடி வேண்டும், 42 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும், மற்றக் குடல் பாக்டீரியாக்களை அடக்கும் மருந்து கலந்த அகர் வேண்டும், இரண்டு மூன்று நாள் பொறுமையும் வேண்டும். 1977 இல் மார்ட்டின் ஸ்கிரோ அத்தகைய தேர்வு அகரைப் பயன்படுத்தி இதை எளிதாகப் பிரித்தெடுத்துக் காட்டும் வரை, மனிதருக்கு வயிற்றுப்போக்கு தரும் முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று என்பது பெரும்பாலான ஆய்வகங்களுக்குத் தெரியாது. அதற்கு முன்னும் மக்களுக்கு இது வந்துகொண்டுதான் இருந்தது. அறிக்கையில் மட்டும் பூஜ்யமாக இருந்தது.

அடுத்து ஈ.கோலை. 1885 இல் தியோடர் எஷெரிச் குழந்தைகளின் மலத்திலிருந்து இதை விவரித்தார், நம் எல்லோர் குடலிலும் இது இருக்கிறது. ஆனால் இதன் சில வகைகள் நோய்தருபவை: நச்சைச் சுரந்து நீர்போலப் போகவைப்பது, குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு அதன் விரல்போன்ற நுண்ணிய நீட்சிகளைத் தேய்ப்பது, செங்கல் அடுக்கியதுபோல் ஒட்டுவது, சுவருக்குள் நுழைவது, ஷிகா நச்சைச் சுரப்பது. மெக்கான்கி என்ற வழக்கமான அகர் தட்டில் இவற்றில் பெரும்பாலானவை நல்ல ஈ.கோலையைப் போலவே இளஞ்சிவப்பாகத் தெரியும், கண்ணால் பிரிக்க முடியாது. சார்பிட்டால் கலந்த தட்டில் நிறமற்று நிற்கும், ஷிகா நச்சு சுரக்கும் ஓ157 என்ற வகை மட்டும் ஓரளவு விதிவிலக்கு. மற்றவற்றுக்குச் சில காலனிகளை (தட்டில் எழும் கிருமித் திட்டுகளை) எடுத்து அவற்றின் நச்சு மரபணுக்களை, மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். முறையில் பார்த்தாக வேண்டும். நீங்கள் பார்த்த, பாதிக்கு மேல் என்று சொல்லும் கட்டுரைகளில் ஈ.கோலை வகைகள் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் முடிச்சு இருக்கும்.

பதிவு 3 | தேடும்மாணவி

நன்றி ஐயா. இப்போதுதான் பார்த்தேன். எண் மிக அதிகமாக இருந்த இரண்டு கட்டுரைகளிலும் ஈ.கோலை வகைகளே பெரும்பங்கு. அவற்றைக் கழித்தால் என் எண்ணுக்கு அருகில் வந்துவிடுகின்றன. ஆனால் நான் தேடிய மூன்றிலுமே சில தவறியிருக்கலாமோ என்ற ஐயம் இருக்கிறது.

பதிவு 4 | தட்டுவாசகர்

தவறியிருக்கலாம், குறிப்பாக ஷிகெல்லா. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை மாலை, சளியும் இரத்தமுமாக இருந்த ஒரு மலமாதிரி வந்தது. பார்த்தவுடனேயே சீதபேதி என்று சொல்லிவிடலாம். வேலை நேரம் முடிந்துவிட்டதென்று யாரோ அதை மேசை ஓரத்திலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். திங்கட்கிழமை காலை நான் எடுத்தபோது டப்பாவின் விளிம்பில் மலம் காய்ந்து பழுப்பாக ஒட்டியிருந்தது. தட்டில் தீட்டினேன். மறுநாள் தட்டு முழுக்க இளஞ்சிவப்பு. நோய்தரும் கிருமி எதுவும் வளரவில்லை என்று அறிக்கை போனது. அதே நோயாளியிடம் புதிதாக வாங்கிய மாதிரியை ஒரு மணி நேரத்துக்குள் தட்டில் போட்டதும், அடர்ந்த இளஞ்சிவப்புக்கு நடுவே, தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும் அளவுக்கு நிறமற்ற காலனிகள் மூன்று நின்றன. மூன்றும் ஷிகெல்லா.

பத்து முதல் நூறு கிருமிகள் உள்ளே போனாலே ஒருவரை நோயில் தள்ளும் இந்தக் கிருமி, உடலுக்கு வெளியே இருக்கும் மலத்தில் அமிலம் கூடும்போது விரைவில் செத்துப்போகிறது. உடனே தட்டில் போட முடியாதென்றால் கிருமியை உயிரோடு வைத்திருக்கும் கேரி-பிளேர் ஊடகத்தில் வைத்துக் குளிராக அனுப்ப வேண்டும். சால்மோனெல்லா அவ்வளவு நோஞ்சான் இல்லை. செறிவூட்டும் திரவத்தில் ஓர் இரவு வைத்தால் சிறிதளவு இருந்தாலும் பெருகிவிடும். விப்ரியோவுக்குக் காரப் பெப்டோன் நீர் இருக்கிறது, பிறகு டி.சி.பி.எஸ். தட்டில் மஞ்சளாக எழும். ஷிகெல்லாவுக்குத்தான் அப்படி நம்பத்தகுந்த செறிவூட்டல் இல்லை. ஆகவே உங்கள் மூன்று கிருமிகளில் இரண்டின் எண்ணை ஓரளவு நம்பலாம். மூன்றாவதன் எண், மாதிரி தட்டை அடைய எத்தனை மணி நேரம் ஆனது என்பதைப் பொறுத்தது. அந்த நேரத்தைப் பதிவு செய்திருக்கிறீர்களா?

பதிவு 5 | குழந்தைநலம்

நான் வார்டில் இருந்து பேசுகிறேன். ஆய்வகத்தில் தவறுவது ஒருபுறம் இருக்கட்டும். மாதிரி ஆய்வகத்துக்கு வருவதற்கு முன்பே எண்ணின் பெரும்பகுதி தீர்மானமாகிவிடுகிறது.

யார் வருகிறார்கள் என்பதே முதல் வடிகட்டி. நீர்போல இரண்டு நாள் போய்த் தானாக நின்றுவிடும் வயிற்றுப்போக்குடன் பெரும்பாலோர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். மருத்துவமனைக்கு வருபவர்களிடம் நீர்ச்சத்து இழப்போ, காய்ச்சலோ, மலத்தில் இரத்தமோ இருக்கும். இரத்தம் கலந்த மலத்தை மட்டும் எடுத்து ஆராய்ந்தால் ஷிகெல்லாவும் கேம்பைலோபேக்டரும் மேலே ஏறிவிடும்; நீர்போன்ற மலத்தையும் சேர்த்தால் கீழே இறங்கிவிடும். வயதும் அப்படியே. கைக்குழந்தைகளிடம் ரோட்டா போன்ற வைரஸ்களின் பங்கு பெரிது என்பதால் பாக்டீரியா விகிதம் தாழ்ந்து தெரியும். ஒரு வயதைத் தாண்டிய பிறகு ஷிகெல்லா தலைதூக்கும்.

இன்னொன்று, மாதிரி தரும் முன்பே ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவர்கள். இரண்டு வேளை மாத்திரை போட்டுவிட்டு வருபவரிடம் கல்ச்சரில் எதுவும் வளராததில் வியப்பில்லை. உங்கள் படிவத்தில் அந்தக் கேள்வி இருந்ததா என்று பாருங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எண் தருகிறேன். 2001 இல் வெளிவந்த அமெரிக்கத் தொற்றுநோய் வல்லுநர் சங்கத்தின் வழிகாட்டுதல், வழக்கமான மல கல்ச்சரில் கிருமி கிடைக்கும் விகிதத்தை 1.5 முதல் 5.6 சதவீதம் என்றே குறிப்பிட்டது. வசதியான ஆய்வகங்களில், தேர்ந்தெடுக்காமல் எல்லோருடைய மலத்தையும் அனுப்பும் இடங்களில் வந்த எண் அது. எனவே பத்துக்குக் கீழே என்பது தன்னளவில் தவறுக்கு அடையாளம் ஆகாது.

பதிவு 6 | பழையநோயாளி

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்குச் சென்ற ஆண்டு மூன்று நாள் வயிற்றுப்போக்கு. மருத்துவர் பரிசோதனை எதுவும் எழுதாமல் ஓ.ஆர்.எஸ். மட்டும் தந்து அனுப்பிவிட்டார். இவ்வளவு கிருமிகள் இருக்கும்போது பரிசோதிக்காமல் விட்டது சரியா?

பதிவு 7 | குழந்தைநலம்

உங்களை நேரில் பார்க்காமல் உங்கள் மருத்துவர் செய்ததைப் பற்றிச் சொல்ல முடியாது. பொதுவாகச் சொன்னால், கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாட்கள் ஆகும். அதற்குள் பெரும்பாலான திடீர் வயிற்றுப்போக்கு அடங்கிவிடும். முடிவு எதுவாக இருந்தாலும் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டுவதுதான் முதல் மருத்துவம். குழந்தைகளுக்கு அதோடு துத்தநாகம் 10 முதல் 14 நாள். மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய நிலை, ஒரே இடத்தில் பலருக்கு வருவது, நாட்கணக்கில் நீடிப்பது ஆகியவை இருந்தால்தான் பரிசோதனை பயன்தரும். ஷிகா நச்சு சுரக்கும் ஈ.கோலையாக இருந்தால் ஆன்டிபயாட்டிக் சிறுநீரகப் பாதிப்பின் ஆபத்தைக் கூட்டக்கூடும் என்பதால், இரத்தம் கலந்து போகும்போது காரணம் தெரியாமல் மாத்திரை போடுவதும் சரியன்று.

இதைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மருத்துவர் யாருக்குப் பரிசோதனை எழுதுகிறாரோ அவர்கள் மட்டுமே ஆய்வகத்தின் கணக்கில் வருகிறார்கள். உங்களைப் போன்றவர்கள் எந்தச் சதவீதத்திலும் இல்லை.

பதிவு 8 | எண்ணும்எழுத்தும்

நோய்ப்பரவல் கணக்கு என் தொழில். இதுவரை எல்லோரும் பேசியது எவ்வளவு தவறவிடுகிறோம் என்பதைப் பற்றி. எதிர்ப்புறத் தவறு அதைவிடப் பெரிது என்பது என் கருத்து. மலத்தில் கிருமி கிடைத்துவிட்டது என்பதாலேயே அந்த வயிற்றுப்போக்குக்கு அதுதான் காரணம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மிதமான, கடுமையான வயிற்றுப்போக்கை ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஏழு நாடுகளில் ஆராய்ந்த ஜெம்ஸ் என்ற பெரிய ஆய்வு 2013 இல் வெளியானது. அதில் 9,439 நோயுற்ற குழந்தைகளோடு, அதே வயதும் பாலினமும் உடைய, அதே பகுதியைச் சேர்ந்த 13,129 நலமான குழந்தைகளின் மலமும் பரிசோதிக்கப்பட்டது. நோயுற்றவர்களில் 83 சதவீதத்தினரிடம் ஏதேனும் ஒரு நோய்க்கிருமி இருந்தது. நலமாக இருந்தவர்களில் 72 சதவீதத்தினரிடமும் இருந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாமல் அந்த 83 ஐ மட்டும் வெளியிட்டிருந்தால், கிட்டத்தட்ட எல்லா வயிற்றுப்போக்குக்கும் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்றே எல்லோரும் நம்பியிருப்போம். ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி நோயுற்றவர்களைவிட நலமானவர்களிடம்தான் அதிகம் இருந்தது என்பது இதன் உச்சம். பாக்டீரியா இல்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒரு சிறு கணக்கு. கற்பனை எண்கள்தான். நோயாளிகள் 100 பேரில் 20 பேரிடம் ஒரு கிருமி, நலமானவர்கள் 100 பேரில் 10 பேரிடம் அதே கிருமி என்று வைத்துக்கொள்வோம். முதல் குழுவில் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் உள்ள விகிதம் 20க்கு 80. இரண்டாவதில் 10க்கு 90. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 2.25. அதிலிருந்து 1 ஐக் கழித்து, மீண்டும் 2.25 ஆல் வகுத்து, 20 சதவீதத்தால் பெருக்கினால் சுமார் 11 வரும். அதாவது 20 பேரிடம் கிருமி இருந்தும், அதனால் நோயுற்றவர்கள் என்று கணக்கில் எடுக்கத்தக்கவர்கள் 11 பேர் மட்டுமே. இரு குழுக்களிலும் 20 பேரிடமே இருந்திருந்தால் இந்த எண் பூஜ்யமாகிவிடும். குடல் சுவரில் செங்கல் அடுக்காக ஒட்டும் ஈ.கோலை பல ஆய்வுகளில் ஏறத்தாழ இந்த நிலையில்தான் இருக்கிறது. மறுபுறம், ஷிகெல்லா நலமானவர்களிடம் அரிதாகவே கிடைப்பதால், அது கிடைத்தால் பெரும்பாலும் அதுவே குற்றவாளி.

பதிவு 9 | தட்டுவாசகர்

கணக்கு சரி. ஆனால் செங்கல் அடுக்கு வகையை அப்படியே விடுவித்துவிடாதீர்கள். 2011 இல் ஜெர்மனியில் வெந்தய முளைகளின் வழியாகப் பரவி 50க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்த ஓ104 என்ற ஈ.கோலை அந்த வகையைச் சேர்ந்ததே. ஷிகா நச்சின் மரபணுவையும் பெற்றுக்கொண்டிருந்தது. குழுவாகப் பார்த்தால் அப்பாவி, தனியாகப் பார்த்தால் கொலையாளி. இது மேசையில் உட்கார்ந்து வகுத்துப் பெருக்குபவர்களுக்குத் தெரிவதில்லை.

பதிவு 10 | எண்ணும்எழுத்தும்

மேசை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். அந்த நிகழ்வை நானும் மறுக்கவில்லை. அது மரபணு மாறிய ஒரு கிருமி உண்டாக்கிய கொள்ளைநோய். நான் சொன்னது வழக்கமான நாட்களில் காணும் சராசரி. ஒரு வகைக்குள்ளேயே பேதம் இருக்கிறது என்பதற்கு இன்னும் நல்ல உதாரணம் நச்சு சுரக்கும் ஈ.கோலை. வெப்பத்தைத் தாங்கும் நச்சைச் சுரப்பது ஜெம்ஸ் ஆய்வில் முக்கியக் காரணங்களுள் ஒன்றாக வந்தது. வெப்பத்தில் சிதையும் நச்சை மட்டும் சுரப்பதற்கு அந்த அளவு தொடர்பு தெரியவில்லை. இரண்டையும் ஒரே வரியில் கூட்டிப்போட்ட அட்டவணைகளைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல் வரும்.

பதிவு 11 | தேடும்மாணவி

எங்கள் துறையில் பல கிருமிகளை ஒரே நேரத்தில் பார்க்கும் பி.சி.ஆர். கருவி வரப்போகிறது. எல்லா மாதிரிகளையும் அதில் மறுபடி ஓட்டினால் உண்மையான எண் தெரிந்துவிடும் என்கிறார் வழிகாட்டி. அது சரியா?

பதிவு 12 | எண்ணும்எழுத்தும்

எண் கூடும். உண்மையாகுமா என்பது வேறு கேள்வி. பி.சி.ஆர். கிருமியின் மரபணுவைத்தான் பார்க்கிறது. அது உயிரோடு இருக்கிறதா, செத்ததா, பல வாரங்களுக்கு முந்தைய நோயின் மிச்சமா என்று அதற்குத் தெரியாது. சால்மோனெல்லா நோய் தீர்ந்த பிறகும் வாரக்கணக்கில் மலத்தில் வெளியேறும்.

இதற்கு ஒரு வழியைக் கண்டவர்கள், ஜெம்ஸ் மாதிரிகளைத் திரும்ப ஆராய்ந்து 2016 இல் வெளியிட்டவர்கள். இருக்கிறதா இல்லையா என்று கேட்காமல், எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார்கள். நலமான குழந்தையிடமும் கிருமி இருக்கலாம், ஆனால் நோயுற்ற குழந்தையிடம் அதன் அளவு மிக அதிகம் என்றால் அந்த அளவே சாட்சி. அப்படிப் பார்த்தபோது ஷிகெல்லாவின் பங்கும் கேம்பைலோபேக்டரின் பங்கும் முதல் கணக்கைவிட ஏறத்தாழ இருமடங்காயின. தட்டுவாசகர் சொன்ன சனிக்கிழமை மாதிரிகள் எத்தனை இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். அந்த முறையில் ஒரு சிறு குறை உண்டு: ஷிகெல்லாவுக்காகத் தேடும் மரபணு சுவருக்குள் நுழையும் ஈ.கோலையிடமும் இருப்பதால், இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

பதிவு 13 | தட்டுவாசகர்

இதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் கருவி வந்ததும் தட்டுகளைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். எந்த மருந்துக்குக் கிருமி பணியும் என்பதைப் பெரும்பாலும் உயிருள்ள காலனியிலிருந்துதான் சொல்ல முடியும். பி.சி.ஆரில் பாசிட்டிவ் வந்தால் அந்த மாதிரியைத் தட்டிலும் போட வேண்டும்.

பதிவு 14 | தேடும்மாணவி

அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு படிவங்களை எல்லாம் மறுபடி எடுத்துப் பிரித்தேன். முன்பே ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவர்கள், சாப்பிடாதவர்கள் என்று இரண்டு கட்டுகள். பாக்டீரியா கிடைத்த மாதிரிகளில் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் சாப்பிடாதவர்கள் கட்டிலிருந்தே வந்திருக்கின்றன. மாதிரி எடுத்த நேரம் படிவத்தில் இருக்கிறது. தட்டில் போட்ட நேரத்தை யாரும் குறிக்கவில்லை. சாப்பிடாதவர்களை மட்டும் வைத்து விகிதத்தை வெளியிடலாமா? அது பத்தைத் தாண்டிவிடும்.

பதிவு 15 | எண்ணும்எழுத்தும்

பத்தைத் தாண்டுவதற்காக என்றால் கூடாது. இரண்டு விகிதங்களையும் அருகருகே கொடுங்கள், எது முதன்மை என்பதைத் தொடக்கத்தில் வகுத்த திட்டத்தின்படியே வையுங்கள். கிடைத்தவை சில மட்டுமே என்பதால், ஒரு மாதிரி இடம் மாறினாலும் கணக்கு சாய்ந்துவிடும். ஒவ்வொரு விகிதத்துக்கும் நம்பக எல்லையை, அதாவது உண்மையான விகிதம் எதிலிருந்து எதுவரை இருக்கக்கூடும் என்பதை, எழுதுங்கள். உதாரணமாக 200 பேரில் 12 பேரிடம் கிடைத்தால் அது 6 சதவீதம். ஆனால் 95 சதவீத எல்லை சுமார் 3.5 முதல் 10 வரை விரியும். உங்கள் எண்ணுக்கும் வழிகாட்டி எதிர்பார்த்த எண்ணுக்கும் உள்ள இடைவெளி அந்த எல்லைக்குள்ளேயே அடங்கிவிடவும் கூடும்.

தலைப்பிலும் ஒரு திருத்தம் வேண்டும். நலமானவர்களின் மாதிரி உங்களிடம் இல்லை, தேடியது மூன்று கிருமிகளை மட்டும். ஆகவே பாக்டீரியாவால் வரும் வயிற்றுப்போக்கின் பரவல் என்று எழுதாதீர்கள். மருத்துவமனைக்கு வந்தவர்களிடம் கல்ச்சரில் இந்த மூன்றும் கண்டறியப்பட்ட விகிதம் என்று எழுதுங்கள். நீளமாகத்தான் இருக்கும்.

பதிவு 16 | தேடும்மாணவி

தலைப்பை மாற்ற வழிகாட்டி ஒப்புக்கொண்டுவிட்டார். நம்பக எல்லையைக் காட்டியதும் சிறிது நேரம் பேசாமல் இருந்தார், பிறகு கேம்பைலோபேக்டரையும் ஈ.கோலை வகைகளையும் அடுத்த மாணவர் பார்க்கட்டும் என்றார். மீதி மலம் மைனஸ் 70 டிகிரியில் இருக்கிறது. அதை வைத்து அவர் செய்ய முடியுமா?

பதிவு 17 | தட்டுவாசகர்

பி.சி.ஆருக்கு ஆகும். கேம்பைலோபேக்டரைத் தட்டில் வளர்க்க அதை நம்ப வேண்டாம். பாதுகாப்புத் திரவம் சேர்க்காமல் உறைய வைத்திருந்தால் பெரும்பாலும் வளராது. அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: ஒவ்வொரு டப்பாவையும் ஒருமுறை மட்டுமே உருக்க வேண்டும், உருக்கியதும் நாலைந்து சிறு குழாய்களில் பிரித்து உடனே திரும்ப வைத்துவிட வேண்டும். குழாயில் எண்ணை மூடியின் மேல் எழுதாமல் பக்கவாட்டில் எழுதச் சொல்லுங்கள். மூடிகள் இடம் மாறிப்போய் ஒரு முழுப் பெட்டியையே நான் தூக்கி எறிந்திருக்கிறேன்.